பல்லுறைக்கு ஐந்து வருடம் போதும் என்றது பற்றி

கடித எண்: 3 / 2025
இராஜபாளையம்,
09.07.2025, புதன்கிழமை (விசுவாவசு வருடம், ஆனி 25)
முற்பகல் 10.20 மணி

பொருள்: எனது மேல்வரிசை வலப்புறக் கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லுக்கு உலோகமில்லாத உறை போடப்பட்டதும், அதன்பின் என் ஆயுள் குறித்து எழுந்துள்ள ஐயமும்.

பார்வை: 08.06.2025 அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கள் இல்லத்தில் எனக்கு வழங்கப்பட்ட முறுக்கு.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை, ஓய்வு பெற்ற ஏட்டு திரு. அழகுராஜா அவர்களுக்குக் கருத்தையா எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், மகன் கௌதம்ராஜ், மருமகள் சிவரஞ்சனி ஆகிய மூவரும் சுகம். இதில் முதல் நபரைப் பற்றிய தகவல் இக்கடிதத்தின் பிற்பகுதியில் திருத்தத்திற்கு உட்பட்டது. அவ்விடம் தாங்களும் என் தங்கை வெங்கடேஸ்வரியும் நலமாயிருக்க ஆண்டாள் தாயாரை வேண்டுகிறேன்.

முறுக்கின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அதை நான் பிற்பகல் 4.10க்குக் கடித்தேன், பல் பாதியாகப் போனதும் 4.10க்கே என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். 11.06.2025 புதனன்று இங்குள்ள பல் மருத்துவர் கல்பனா அவர்கள் வேர் சிகிச்சை செய்தார். 20.06.2025 வெள்ளியன்று மிச்சமிருந்த பல்லைப் பென்சில் சீவுவதுபோல் சீவி, அச்செடுத்து, தற்காலிகமாக ஒரு மூடியை ஒட்டிவிட்டு, உறைகளில் உள்ளே உலோகம் வைத்தது ஒன்று, உலோகமே இல்லாதது ஒன்று என இரு வகை உண்டு என்று விளக்கினார். இரண்டாவதற்கு ஜிர்கோனியா என்று பெயராம். சொந்தப் பல் நிறத்திலேயே இருக்கும், ஈறோரம் கறுக்காது என்றார். அத்தோடு நிறுத்தியிருந்தால் இக்கடிதத்திற்கு அவசியமே நேர்ந்திராது. அவரோ கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நாளப்பின்ன தலைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டி வந்தாலும் உலோகம் இல்லாம இருக்கது நல்லது சார்" என்று சேர்த்துச் சொன்னார். பல்லுக்கு வந்தவனின் தலையைப் பற்றி அவருக்கு என்ன கவலை என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். வாய் மரத்திருந்தபடியால் கேட்க இயலவில்லை.

வாயைக் கொப்பளிக்க நான் தொட்டிப் பக்கம் போனேன். அங்கே நிற்கையில் பின்னால் மருத்துவர் என் மகனிடம், இந்த உறைக்கு ஐந்து, பத்து, பதினைந்து வருடம் என மூன்று விதமாக உத்தரவாத அட்டை உண்டு, எது வேண்டும் என்று கேட்பது காதில் விழுந்தது. உத்தரவாதம் என்றால் எனக்கு எவ்வளவு மதிப்பு என்பது தாங்கள் அறிந்ததே. வீட்டில் வாங்கிய ஒவ்வொரு பொருளின் அட்டையும் தேதிவாரியாகக் கோப்பில் இருக்கிறது. மேசை விசிறியை உத்தரவாதம் முடிய ஒரு நாள் இருக்கையில் கடைக்குக் கொண்டுபோய் மாற்றியிருக்கிறேன், மிக்சியை முடியும் அன்றே மாலை 6.40க்கு. ஆகவே பதினைந்து என்ற பதிலை எதிர்பார்த்து வாயில் நீரோடு காத்து நின்றேன். என் ஒரே மகன் குரலைத் தாழ்த்தி, "அப்பாவுக்கு அஞ்சு வருஷமே போதும் டாக்டர். அதுக்கு மேல வேண்டாம்" என்றான். அந்த அம்மாள் என் முதுகைப் பார்த்துவிட்டு, "ஆமா, அதுவே அதிகம்" என்று சிரித்தார். எதிரில் இருந்த கண்ணாடியில் அதை நான் கண்ணாரக் கண்டேன். தண்ணீரைத் துப்ப வேண்டியவன் விழுங்கிவிட்டேன்.

எனக்கு 12.03.2025 அன்று எழுபத்துநான்கு முடிந்தது. ஐந்தைக் கூட்டினால் எழுபத்தொன்பது. என் தாடை முழுவதையும் ஒரே படமாக எக்ஸ்ரே எடுத்தார்களே, அதில் பல்லைத் தாண்டி எதையோ பார்த்துவிட்டார்கள் என்று அன்றே முடிவு செய்தேன். அதன் பின் வீட்டில் நடந்தவை அதை உறுதிப்படுத்தின. மறுநாள் முதல் சிவரஞ்சனி எனக்குக் குழைந்த சோறும் கஞ்சியுமே தருகிறாள். ஏனம்மா என்றால், "கொஞ்ச நாளைக்குத் தான மாமா" என்கிறாள். எதற்குக் கொஞ்ச நாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. 28.06.2025 சனிக்கிழமை கௌதம்ராஜ் அளவு நாடாவோடு கூடத்தில் நாற்காலி போட்டு ஏறி, காலஞ்சென்ற என் மனைவியின் படத்திற்கு வலப்புறம் உள்ள காலிச் சுவரை நீளமும் அகலமும் அளந்தான். நான் பார்ப்பதைக் கண்டதும் நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். அந்த இடத்தில் வேறு யாருடைய படம் வரும் என்பதைத் தாங்களே யோசிக்கவும். 30.06.2025 திங்களன்று உறையைப் பதித்து முடித்ததும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றியிருந்த நேரம் பார்த்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு என்னை நிமிர்ந்து உட்காரவைத்து, தலை சீவிவிட்டு, முகத்தை நேராகவும் பக்கவாட்டிலும் படம் பிடித்தார்கள். "நல்லாச் சிரிங்க சார்" என்று மருத்துவர் கேட்க, நான் சிரித்தேன். என் வாழ்நாளில் அப்படிப் பயந்துகொண்டு சிரித்ததில்லை.

இதெல்லாம் வீட்டோடு போயிருந்தால் பொறுத்திருப்பேன். 05.07.2025 சனிக்கிழமை முதல் ஊருக்கே தெரிந்துவிட்டது. காலை 6.15க்கு வழக்கம்போல் டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் சமுத்திரம் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு என் காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார், "அண்ணாச்சி, நீங்கதானா?" என்றார். நான்தான் என்றேன். சரி என்றார். ஒன்பது வருடமாகச் சர்க்கரை இல்லாமல் எனக்கு டீ போடுகிறவர், அன்று இரண்டு கரண்டி போட்டுக் கொடுத்தார். வழியில் பூக்காரி மாரியாத்தாள் என்னைக் கண்டு எழுந்து நின்று கும்பிட்டாள். இத்தனை வருடத்தில் அவள் என்னைக் கும்பிட்டதே இல்லை, பேரம் பேசியதற்கு ஏசியிருக்கிறாள்.

நேற்று, 08.07.2025, மாலை 5.50க்கு வீட்டுத் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். தளவாய்புரத்திலிருந்து நம் ஒன்றுவிட்ட தம்பி கண்ணுச்சாமி. தழுதழுத்த குரலில், "தம்பி கௌதமு, எத்தன மணிக்குப்பா எடுக்காக?" என்றான். யாரை என்றேன். "அண்ணனத்தான்" என்றான். எந்த அண்ணனை என்றேன். "நம்ம கருத்தையா அண்ணனை." நான் கருத்தையாதான் பேசுகிறேன் என்றேன். எதிர்ப்பக்கம் ஏதோ கீழே விழும் சத்தம் கேட்டது, இணைப்பு போய்விட்டது. ஆக, வருடம் என் மகனுக்குத் தெரிந்திருக்கிறது, நாள் கண்ணுச்சாமிக்குத் தெரிந்திருக்கிறது, மணி மட்டும்தான் தெரியவில்லை. ஐந்து வருடம் என்பதும் இப்போது குறைந்துவிட்டது போலிருக்கிறது.

மாப்பிள்ளை, பஞ்சாலையின் டைம் ஆபீஸில் முப்பத்தொரு வருடம் எண்ணூறு பேருக்கு வந்த நேரமும் போன நேரமும் குறித்தவன் நான். போவதற்கு எனக்குப் பயம் இல்லை என்று எழுதத்தான் இந்தப் பத்தியைத் தொடங்கினேன். பயம் இருக்கிறது. ராத்திரி பெருவிரலால் அந்தப் புதுப் பல்லைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன். கல்லு மாதிரி இருக்கு. நான் போன பொறவும் அது அப்படியே இருக்கும். ஆனால் அதைவிட, என் நேரத்தை எல்லோரும் குறித்து வைத்திருக்க நான் ஒருவன் மட்டும் அறியாதிருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கீழ்வரிசையில் 1994இல் போட்ட எவர்சில்வர் உறையையும் எடுத்துவிட்டு இதேபோல் மாற்ற 14.07.2025 திங்களன்று வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் போவதாக இல்லை. கிளம்பப்போகிறவனுக்குப் புதுப் பல் எதற்கு. தாங்கள் காவல்துறையில் இருந்தவர். எத்தனையோ பேரிடம் உண்மையை வாங்கியவர். சிரமம் பாராமல் 14ஆம் தேதிக்குள் இங்கு வந்து கௌதம்ராஜைத் தனியே அழைத்து விசாரித்து, எந்த வியாதி, எந்தத் தேதி என்ற இரண்டை மட்டும் எனக்குச் சொல்லவும். அடிக்க வேண்டாம்.

வெங்கடேஸ்வரிக்கு என் ஆசிகள். அவளிடம் இதைச் சொல்ல வேண்டாம், மறுபடியும் முறுக்குச் சுட்டு எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். நீங்கள் இருவரும் நீண்ட காலம், நல்ல பல்லோடு வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்,
கருத்தையா
முற்பகல் 11.25 மணி

பின்குறிப்பு (அதே நாள், பிற்பகல் 3.15 மணி): இது தாங்கள் நேரில் அறிந்ததே, எனினும் பதிவுக்காக எழுதுகிறேன். மேற்படி கடிதத்தை உறையிலிட்டு 11.32க்குப் பசை தடவிக்கொண்டிருக்கையில் தாங்கள் ரோஜாமாலையோடு வாசலில் வந்து நின்றீர்கள். "மச்சான், இருக்கீகளா?" என்றீர்கள். "இருக்கேன் மாப்பிள்ளை, உக்காருங்க" என்றேன். தாங்கள் உட்காரவில்லை, விழுந்தீர்கள். தண்ணீர் தெளித்த பின் தாங்கள் கூறியது: தேவதானத்திற்குப் பஸ்ஸில் போகும் வழியில், பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஆள் உயர ஃபிளெக்ஸ் பலகையில் என் முகமும், சுற்றிலும் பூப்போட்ட கரையும், 'கருத்தையா, வயது 74' என்ற எழுத்தும் கண்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மாலை வாங்கினீர்கள். பழக்கடைக் குடை மறைத்திருந்த கீழ்ப்பாதியில் 'உலோகமில்லாப் பல்லால் மீண்ட புன்னகை' என்று எழுதியிருப்பதை, இருவரும் போய்ப் பார்த்த பிறகே அறிந்தோம். நான் கண்ணாடி இல்லாமல் கையெழுத்திட்டது அதற்கான சம்மதத்தில்.

ஒரு மணிக்குச் சாப்பிட வந்த கௌதம்ராஜைத் தாங்கள் என் முன்னிலையிலேயே விசாரித்தீர்கள். சுவரை அளந்தது என் பிறந்தநாளுக்குப் பிந்திய பரிசாக ஏ.சி. மாட்ட, அதையும் சொல்லாமல் செய்ய நினைத்தானாம். கஞ்சி, பல் ஆறும்வரைக்கு. ஐந்து வருடம் பற்றிக் கேட்டபோது அவன் தலையைக் குனிந்துகொண்டு, "மாமா, பதினஞ்சு வருஷம் போட்டா கடைசி நாள் சாயங்காலம் வரைக்கும் அந்த அட்டையைத் தூக்கிட்டு அந்தம்மா வாசல்ல போய் நிப்பாக. பாவம் மாமா அந்த டாக்டரு" என்றான். தாங்கள் அதற்குச் சிரித்தது இன்னும் அடங்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

ஆகவே மேலே எழுதியவை அனைத்தும் ரத்து செய்யப்படுகின்றன. 14.07.2025 அன்று கீழ்ப்பல்லுக்கு உறை போட்டுக்கொள்வேன், அதற்குப் பதினைந்து வருட அட்டையே கேட்பேன். அது 13.07.2040, வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அன்று மாலை 5 மணிக்குள் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். தாங்களும் உடன் வர வேண்டும்.

இணைப்புகள்:
1. உடைந்த பல்லின் துண்டு, மாத்திரை உறையில்.
2. பார்வையில் கண்ட முறுக்கின் எஞ்சிய பாதி.
3. தாடை எக்ஸ்ரே நகல். வேறு வியாதி எதுவும் இல்லை என மருத்துவர் கல்பனா இன்று தொலைபேசியில் இருமுறை உறுதி கூறினார்.
4. ஐந்து வருட உத்தரவாத அட்டையின் நகல்.
5. ரோஜாமாலை ஒன்று. பயன்படுத்தப்படவில்லை.