பாய் பெரியவரா, ஸ்டெல்லா பெரியவளா

கையில் மைக் கிடைத்தவனுக்கு எதிரே இருக்கும் பள்ளம் தெரியாது. எனக்குத் தெரிந்தும் இறங்கினேன்.

எண்பதுகளில் ஓசூரில் எங்கள் ஃபேக்டரிக்கு மெஷின் மாட்ட வந்த வெள்ளைக்காரர், கேண்டீன் சுவரில் ஒரு டார்ட்ஸ் பலகையை விட்டுவிட்டுப் போனார். எறிகிற அம்புகளை மட்டும் பெட்டியில் கட்டிக்கொண்டார். டூல்ரூம் ரஹீம் பாய் வெல்டிங் கம்பியைச் சீவி, கோழி இறகு செருகி அம்பு செய்தார். பல வருஷம் அவரை ஜெயிக்க ஆளில்லை. பிறகு கண் மங்கியது, எறிவதை நிறுத்தினார். பெங்களூரிலிருந்து பளபளவென்று கடை அம்புகள் வந்தன. அசெம்பிளி பிரிவுக்கு ஸ்டெல்லா வேலைக்கு வந்தாள். அப்புறம் வருஷா வருஷம் கோப்பை அவளுக்குத்தான்.

கேண்டீனில் நடந்த ஆண்டு விழாவில், இருவரில் யார் பெரிய சாம்பியன் என்று பேச என்னை மேடையேற்றினார்கள். (வாய்க்குச் சம்பளம் என்றால் நான்தான் ஜி.எம்.) சிக்கல் என்னவென்றால், ஸ்டெல்லாவைக் கட்டிக்கொள்ள எனக்கு ஆசை. அவளுக்கும் சம்மதம். ஞாயிற்றுக்கிழமை சூளகிரி போய் அவள் அப்பாவிடம் எனக்காகப் பேச ஒப்புக்கொண்டிருந்தவர், பாய்.

புத்தியுள்ளவன் இருவரையும் புகழ்ந்துவிட்டு இறங்கியிருப்பான். நான் முன்வரிசையில் ஸ்டெல்லாவைப் பார்த்துவிட்டேன். பாய் காலத்தில் நின்று எறிகிற கோடு பலகைக்குப் பக்கத்தில் இருந்தது, அம்பும் கனம், யார் எறிந்தாலும் குத்தும் என்றேன். ஒருவர் கன்னடத்தில் உட்காரச் சொன்னார், இன்னொருவர் தெலுங்கில். நிரூபிக்கிறேன் பார் என்று பாயின் பழைய அம்பை வாங்கி, பிடிமானத்துக்காகச் செருப்பைக் கழற்றிவிட்டு, அழிந்துபோன அந்தப் பழைய கோட்டில் நின்று எறிந்தேன்.

பலகையின் கம்பியில் பட்டுத் திரும்பிய அம்பு என் கால் கட்டைவிரலில் நின்றது. (இறகு ஆடியது.)

கேண்டீனே சிரித்தது. ஸ்டெல்லா சிரிக்கவில்லை. இன்னொரு பழைய அம்பை எடுத்து, அதே கோட்டில் நின்று எறிந்தாள். பலகையையே தொடவில்லை.

"இதை வச்சுக்கிட்டா பாய் இத்தனை வருஷம் ஜெயிச்சீங்க?" என்றாள். பிறகு என்னிடம், "அவரை இறக்கித்தான் என்னை ஏத்தணுமா?"

பாய் குனிந்து தன் கைக்குட்டையால் என் காலைக் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை சூளகிரி போவாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். "ஊசி போட்டுக்கோப்பா, கம்பியில துரு இருக்கும்" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் போனார். ஸ்டெல்லாவின் அப்பாவிடம் என்ன சொன்னார் என்பதைக் கல்யாணப் பந்தியில் மாமனாரே சொன்னார்: "வாய் கொஞ்சம் நீளம்ங்க. ஆனா உங்க பொண்ணுக்காகத் தன் காலையே குத்திக்கிட்ட பையன்."

இப்போதும் வீட்டில் பிள்ளைகள் அந்தக் கால ஆட்டக்காரரையும் இந்தக் கால ஆட்டக்காரரையும் வைத்துச் சண்டை போட்டு என்னிடம் தீர்ப்புக் கேட்பார்கள். நான் தொண்டையைச் செருமுவதற்குள் அடுப்படியிலிருந்து ஸ்டெல்லாவின் குரல் வரும்:

"முதல்ல செருப்பை மாட்டிக்கோங்க."