சாரத்தில் நாற்பத்தைந்து நிமிடம்

உயரம் என்றால் எனக்குப் பயம். கட்டடப் பாதுகாப்பு அலுவலராகச் சேர்ந்த அன்று இதை யாரும் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி நான்கு மாடி லாட்ஜ் எழும்பிக்கொண்டிருந்தது. உயரத்தில் நடக்கும் வேலைகளுக்கான பாதுகாப்புத் திட்டத்தை எழுதியவன் நான். அறுபத்திரண்டு பக்கம். (பொருளடக்கம் மட்டும் நான்கு.) உரிமையாளரின் இன்ஜினியர் அதில் கையெழுத்திட்டால்தான் வேலை தொடரும். இல்லாவிட்டால் வேலை நிற்கும், என் வேலையும் போகும்.

பௌர்ணமியன்று காலை அவர் வந்தார். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"சாரத்தை நேர்ல ஏறிப் பாத்தேன்னு எழுதியிருக்கீங்க. எங்க, ஒரு தடவை ஏறுங்க பாப்போம்."

(எழுதியிருந்தேன். ஏறியதில்லை.)

சேஃப்டி பெல்ட்டை மாட்டிக்கொண்டு, எதிரிலிருந்த குழாயை மட்டுமே பார்த்தபடி மூன்றாம் மாடி வரை போய்விட்டேன். அங்கே கீழே பார்த்துத் தொலைத்தேன். உடனே குழாயை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு கண்களை மூடினேன்.

"சார், இறங்குங்க!" என்று கத்தினார் எங்கள் மேஸ்திரி காதர் பாய்.

"முடியல பாய். நீங்க வந்து இறக்குங்க."

"வந்துடுவேன் சார். நாப்பத்தோராம் பக்கத்துல என்ன எழுதியிருக்கீங்க? மேல மாட்டிக்கிட்டவரை இறக்கணும்னா சேஃப்டி ஆபீசர் கையெழுத்து வேணும்னு. போன வாரம் ஃபார்ம் இல்லாம ஏணி எடுத்ததுக்கே என்னை அரை நாள் நிக்க வெச்சீங்களே!"

(இனி கண்ணால் பார்த்ததெல்லாம் காதர் பாய் பிறகு சொன்னது.) கப்பிக் கயிற்றில், சிமென்ட் வாளிக்குள் ஃபார்மும் பேனாவும் மேலே வரத் தொடங்கின. பாதியில் நின்றன.

"பாய், பேனா மேல போகக் கூடாது," என்றார் இன்ஜினியர், பக்கத்தைப் புரட்டியபடி. "பத்தொன்பதாம் பக்கம். கை தவறி விழற சாமான் எதுவும் எடுத்துட்டுப் போகக் கூடாதாம்."

(உண்மைதான். சிவப்பில் அடிக்கோடு வேறு.)

இதற்குள் கிரிவலம் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஓர் அம்மா கும்பிட்டார்.

"எந்த சாமிங்க இது? கண்ணே தொறக்கலையே?"

"சாமி இல்லம்மா, எங்க ஆபீசரு. பயந்துட்டாரு," என்றார் காதர் பாய்.

அந்த அம்மா நம்பவில்லை. சாரத்தின் அடியில் இரண்டு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனார்.

கடைசியில் இன்ஜினியரே நாற்பத்தோராம் பக்கத்து வரியை அடித்தார். காதர் பாய் ஏறி வந்து, என் கால்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் குழாயில் வைத்து இறக்கினார். என் டைரிக் குறிப்பு: ஏறியது 10.40, தரை 11.25.

வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். ஆனால் இன்ஜினியர் கையெழுத்திட்டார்.

"ஆபீசரே மாட்டிக்கிட்டும் ரூலை மீறாத ஆளுங்க. இங்க யாரும் விழமாட்டாங்க. நீங்க மட்டும் இனிமே கீழயே இருங்க."

என் மைத்துனனும் காதர் பாயும் டீ குடிப்பது ஒரே கடையில்; கதை அவனுக்கும் போய்விட்டது. ஆகவே, போன ஆவணியில் ஒரு கல்யாணத்தில் ஃபோட்டோவுக்கு என்னையும் என் மனைவியையும் மேடைக்குக் கூப்பிட்டபோது அவன் மைக்கைப் பிடுங்கிக்கொண்டான்.

"மாமா மேடை ஏறப் போறாரு. யாராவது ஃபார்ம் எடுத்துட்டு வாங்க!"

மண்டபமே சிரித்தது. இத்தனைக்கும் மேடை இரண்டடி உயரம்கூட இல்லை. (ஒன்றே முக்கால். ஏறுவதற்கு முன் அளந்துகொண்டேன்.)