அழுகையை நிறுத்தும் ஆராய்ச்சி

டாக்டர் ஊசியைக் கையில் எடுக்கவேயில்லை. அதற்குள் சிறுவன் ஊரைக் கூட்டிவிட்டான்.

"பாத்தீங்களா சித்தப்பா? வலியும் வெள்ளைக் கோட்டும் சேர்ந்தே வந்ததால, இப்ப கோட்டைப் பாத்தாலே பயந்துடறான். எங்க பாடத்துல முதல் அத்தியாயமே இதுதான்" என்றாள் மனோதத்துவ மாணவி, உற்சாகமாக.

சித்தப்பா பல் டாக்டர். சிறுவனிடம் கடிபட்ட விரலை உதறிக்கொண்டே, "அழுகையை நிறுத்த உங்க பாடத்துல வழி இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. அவருடைய கிளினிக்கிலேயே அதைச் செய்து காட்டி, அவரிடமே கையெழுத்து வாங்கிக் கல்லூரியில் கொடுத்தால்தான் அவளுக்குப் பட்டம்.

முதலில் கோட்டைக் கழற்ற வைத்தாள். பூப்போட்ட சட்டையில் டாக்டரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். பல்லைப் பறிகொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த முறை சட்டையைப் பார்த்ததுமே அழுதார்கள்.

"இதே சட்டையில ஒரு கல்யாணத்துக்குப் போனேன். அங்கயும் ரெண்டு குழந்தை வீல்னு கத்துச்சும்மா" என்றார் சித்தப்பா.

"கொஞ்சம் பொறுங்க சித்தப்பா. பாட்டுப் போட்டுப் பாக்கலாம்."

மெல்லிய பாட்டு. இரண்டே வாரத்தில், பாட்டு தொடங்கும்போதே பிள்ளைகளும் தொடங்கினார்கள். பாட்டைவிட அவர்கள் குரல் எடுப்பாக இருந்தது.

ஆனாலும் மாணவி விடவில்லை. ஒரு டப்பா நிறைய மிட்டாய் வாங்கி வந்தாள்.

"பல் டாக்டரே மிட்டாய் கொடுக்கறதா? நாலு பேர் சிரிக்க மாட்டாங்க?"

"மிட்டாய்க்கு மயங்காத பிள்ளை உண்டா? நாற்காலியில உக்காந்ததும் வாயில ஒண்ணு. அப்புறம் பாருங்க, அவங்களே ஓடி வருவாங்க."

மிட்டாய் வாயில் கரைவதற்குள் ஊசி வந்துவிட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்படித்தான். மறுமுறை அவள் டப்பாவைத் திறந்ததும் ஒரு பெண் குழந்தை பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டது. அதை வெளியே இழுக்கவே அரைமணி நேரம் பிடித்தது. கடைத்தெருவில் அவளைக் கண்ட பிள்ளைகள் எதிர்ப்பக்கம் தாவினார்கள்.

சில மாதங்களில் கிளினிக்கில் அழுகை அடியோடு நின்றது. பிள்ளைகளே வராத இடத்தில் யார் அழுவது?

"எல்லாரும் பக்கத்துத் தெரு டாக்டர்கிட்டப் போயிட்டாங்க போலிருக்கு. நான் எதைப் பாத்தும்மா கையெழுத்துப் போட?" சித்தப்பா கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "போதும்மா. நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

பட்டம் போனது போனதுதான். மிட்டாய் டப்பாவைப் பைக்குள் திணித்தாள். அப்போது, தன் கடைவாய்ப் பல்லைக் காட்ட ஓர் அம்மா வந்தார். அவருடைய மூன்று பிள்ளைகளும் முன்பு மாதம் தவறாமல் இங்கே வந்து அழுதவர்கள்.

"பிள்ளைங்களை எந்த டாக்டர்கிட்ட மாத்தினீங்க? உள்ளதைச் சொல்லுங்க, நான் வருத்தப்பட மாட்டேன்" என்றார் சித்தப்பா, வருத்தத்தோடு.

"டாக்டரா, எதுக்கு? இங்க வந்துட்டுப் போனதிலேர்ந்து மிட்டாயைக் கண்டாலே மூணும் அலறிக்கிட்டு ஓடுதுங்க. ஒரு பல்லுலகூட சொத்தை இல்ல!"