மாலை போட்ட மானிட்டர்

உயிரோடிருக்கும் கம்ப்யூட்டருக்குக் கருமாதி செய்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் ராயபுரத்தில் எங்கள் ஆபீசில் வேலை பார்த்தார். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எங்களுக்கெல்லாம் அவர் கருமாதி அண்ணன்.

எங்களுடையது ஏற்றுமதிச் சரக்கு கப்பல் ஏறுவதற்கு வேண்டிய பேப்பர்களைத் தயார் செய்துகொடுக்கும் சின்ன ஆபீஸ். முதலாளி ஸ்டெல்லா அக்கா. பேப்பர் வேலையில் புலி ரொசாரியோ. அப்புறம் நானும் இன்னும் சிலரும். ஒருநாள் ரொசாரியோவின் ஹார்ட் டிஸ்க் சொல்லாமல் கொள்ளாமல் மண்டையைப் போட்டது. அதோடு பல வருஷத்து பேப்பர்களும் போயின. இனி இப்படி நடக்கக் கூடாது, ஆபீசில் இருக்கும் கம்ப்யூட்டர், போன், டேப்லெட் எல்லாவற்றுக்கும் பேக்கப் வேண்டும் என்று ஸ்டெல்லா அக்கா பிடித்துவந்த ஆள்தான் இவர்.

பேக்கப் திட்டம் போட வருகிறவர் லேப்டாப்போடு வருவார் என்று நினைத்தோம். இவர் சட்டைப்பையில் ஸ்டிக்கர் பொட்டு அட்டையோடு வந்தார். ஒவ்வொரு மேஜையாக வந்து நின்று, துக்கம் விசாரிக்கிற குரலில் ஒரே கேள்விதான் கேட்டார்.

"இன்னா நைனா, இதுல கீறது மொத்தமும் பூட்டா அயுவியா?"

அழுவேன் என்றால் அந்த மானிட்டரின் நெற்றியில் பெரிய பொட்டு. அதில் இருப்பது அப்போதைக்கப்போதே க்ளவுடுக்குப் போக வேண்டும். அழமாட்டேன், நாலு வார்த்தை திட்டுவேன் என்றால் நடுத்தரப் பொட்டு. தினம் ஒரு தடவை போனால் போதும். ரொசாரியோ கேள்வி முடிவதற்குள்ளேயே கண் கலங்கி, இருப்பதிலேயே பெரிய பொட்டை வாங்கிக்கொண்டான். என்னிடம் கேட்டபோது, "எது போனாலும் வீட்டுக்குப் போய்த் தூங்கிடுவேன்ணே" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். கடுகளவு பொட்டு ஒன்றை என் மானிட்டரில் ஒட்டிவிட்டு, "குடுத்து வச்சவன்" என்று நகர்ந்தார்.

ஸ்டெல்லா அக்காவுக்குச் சந்தேகம். "எல்லாருக்கும் பொதுவா ஒரு ஃபோல்டர் இருக்கே. நான் இங்க மாத்தினா ரொசாரியோகிட்டயும் மாறிடுது. அது பேக்கப் இல்லையா?"

"அது கண்ணாடி மேடம். இங்க நீங்க அயிச்சா அங்கயும் அயிஞ்சிடும். நமக்கு வோணும்ன்றது, இன்னா ஆனாலும் நேத்து கீறத நேத்து மாதிரியே வச்சிகினு கீற எடம்."

"அதான் க்ளவுடா?"

"க்ளவுடுன்னா இன்னா, வேற ஊர்ல கீற எவனோ ஒருத்தன் கம்ப்யூட்டரு. அத்தோட சாவிய மட்டும் இந்த ஆபீஸ் மிசின் எதுலயும் வைக்க மாட்டேன். வூட்டுத் திண்டுக்கல் பூட்டு சாவிய பூட்டுலயே வுட்டுட்டுப் போவீங்களா?"

இத்தோடு நிறுத்தியிருந்தால் அவருக்கு அந்தப் பெயர் வந்திருக்காது. பேக்கப் எடுத்தால் போதாது, அது திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதனால் மாதம் ஒருமுறை, யாருக்கும் சொல்லாமல், மார்க்கெட்டில் ஒரு சாமந்தி மாலை வாங்கிக்கொண்டு வருவார். எவனாவது ஒருவன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அவன் மானிட்டருக்கு மாலை போட்டு, கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பக்கத்தில் கைகட்டி நிற்பார்.

"காலைல நல்லா தான் இருந்துச்சு. பத்து மணிக்குக் கூட பிரிண்ட் குடுத்துச்சு. பொசுக்குனு பூட்ச்சு நைனா."

மாலை விழுந்தவன் புலம்பக் கூடாது. முதலில் நெட் ஒயரைக் கழற்ற வேண்டும், பிறகு அண்ணனைக் கூப்பிட வேண்டும், பிறகு அலமாரியில் இருக்கும் வேறு லேப்டாப்பை எடுத்து, தன் ஃபைல்களை க்ளவுடிலிருந்து இறக்கி வேலையைத் தொடர வேண்டும். முதல் தடவை ரொசாரியோவுக்கு அதை முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. போகப்போக, வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவான்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு லாரிக்காரர் பில் கொடுக்க வந்தார். மாலை போட்ட மானிட்டரையும் கைகட்டி நின்ற அண்ணனையும் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார். "எப்போ எடுக்குறாங்க?"

ஆயுத பூஜை இன்னும் மோசம். ஸ்டெல்லா அக்கா மாதா கோயில் பக்தை என்றாலும், எங்களுக்காக எல்லா மானிட்டருக்கும் தன் கையாலேயே மாலை போட்டு வைத்திருந்தார். லேட்டாக வந்த ரொசாரியோ வாசலில் நின்று பார்த்தான். மடமடவென்று எல்லா நெட் ஒயரையும் பிடுங்கிப் போட்டுவிட்டு அண்ணனுக்கு போன் அடித்தான். "அண்ணே, குடும்பத்தோட பூட்ச்சுண்ணே!"

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தத் திங்கட்கிழமை வந்தது.

எங்கள் பெரிய வாடிக்கையாளர் கைவிட்டுப் போயிருந்த சமயம். புதிதாக ஓர் இறால் கம்பெனி வந்திருந்தது. அவர்களுடைய முதல் கண்டெய்னர் அன்று மாலை கப்பல் ஏற வேண்டும். மூன்று மணிக்குள் பேப்பர் போகாவிட்டால் கண்டெய்னர் நின்றுவிடும், கண்டெய்னர் நின்றால் நம் ஆபீசை மூட வேண்டியதுதான் என்று ஸ்டெல்லா அக்கா எங்களிடம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து ரொசாரியோ மவுசைத் தொட்டான். திரை முழுக்கச் சிவப்பு. உங்கள் ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டோம், பணம் கட்டினால்தான் திறப்போம் என்று ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல். ரொசாரியோ விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே நெட் ஒயரைக் கழற்றினான்.

"இன்னாண்ணே, இந்த வாட்டி கலர் படமெல்லாம் போட்டு கலாய்க்கிற? மாலை எங்க?"

அண்ணன் வந்து திரையைப் பார்த்தார். ஒயர் கழன்றிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு வழக்கமான குரலில், "பூக்காரம்மா லேட்டு. மாலை வந்துகினே கீது. நீ வேலைய பாரு" என்றார். ஸ்டெல்லா அக்கா உள்ளேயிருந்து, "இன்னைக்குப் போயா உங்க ஒத்திகை? கப்பல் போகட்டும், உங்ககிட்ட பேசிக்கிறேன்" என்று கத்தினார். அண்ணன் வலுக்கட்டாயமாகச் சிரித்துக்கொண்டே எல்லா மிஷினையும் நெட்டிலிருந்து கழற்றிவிட்டு, என் கையைப் பிடித்து மாடிப்படிப் பக்கம் இழுத்துப் போனார். மாலை இல்லாமல் அவர் ஒத்திகை நடத்தியதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணே, இது..."

"நெசம். வாயத் தொறக்காத. ஓடிப்போய் ஒரு மாலை வாங்கினு வா."

ஓடினேன். மார்க்கெட்டில் ரோஜா மாலைதான் இருந்தது. அதை வாங்கிவந்து கொடுத்தேன். ரொசாரியோவின் மானிட்டருக்கு அவர் அதைப் போட்டார். "நல்லா தான் இருந்துச்சு..." என்று ஆரம்பித்தார். குரல் உடைந்தது. நல்ல வேளை, எல்லாரும் அதை நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

ரொசாரியோ அலமாரி லேப்டாப்பைத் திறந்து, அண்ணனின் போன் நெட்டில் சேர்த்து, விசில் அடித்தபடி இறால் கம்பெனி பேப்பர்களை க்ளவுடிலிருந்து இறக்கினான். பொது ஃபோல்டரில் ஒரு ஃபைல்கூட மிஞ்சவில்லை என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவன் கை அன்று ஒரு எழுத்துக்கூட அடித்திருக்காது. மூன்று மணிக்கு முன்பே பேப்பர் போய்ச் சேர்ந்தது.

ஸ்டெல்லா அக்கா திட்டுவதற்குத் தயாராக வெளியே வந்தார். அண்ணன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தார்.

"மேடம், ஒத்திகை இல்ல. நெசமாவே பூட்ச்சு. சொல்லியிருந்தா பயந்துடுவீங்க. பயந்தா கை எங்கியாவது தப்பாப் பூடும்."

ரொசாரியோவுக்கு அப்போதுதான் வியர்க்க ஆரம்பித்தது. ஸ்டெல்லா அக்கா போய், மானிட்டரிலிருந்த ரோஜா மாலையைக் கழற்றிக்கொண்டு வந்து அவர் கழுத்தில் போட்டார்.

"ஐயோ மேடம், நான் இன்னும் உயிரோட கீறேன்!" என்று அவர் பதறியடித்து எழுந்தார். நாங்கள் சிரித்த சிரிப்பில் பாதி அழுகை.

இரண்டு வருஷம் கழித்து அவர் மாத்தூர் பக்கம் ஒரு பெரிய கம்பெனிக்குப் போனார். கிளம்பும் நாளில் ஒவ்வொரு மேஜையாக வந்து சொல்லிக்கொண்டார். என் மானிட்டரில் அந்தக் கடுகுப் பொட்டு அப்படியே இருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வழக்கமான குரலில் கேட்டார்.

"இப்பனாச்சும் சொல்லு நைனா. இன்னா பூட்டா அயுவ?"

நான் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தேன்.