ரவாங் சந்தையில் ஜப்பான் விருந்தாளி

விருந்தாளி மூன்றாவது முறையும் கையை ஆட்டி வேண்டாம் என்றார். முருகையாவுக்கு அப்பாடா என்றிருந்தது.

மத்தியானமே ஆபீஸ் டைப்பிஸ்ட் கங்கா இதைப் பற்றி அவனுக்குப் பாடம் நடத்தியிருந்தாள். ஜப்பான்காரர்களின் பழக்கவழக்கம் பற்றி ஏதோ ஒரு பத்திரிகையில் முழுப் பக்கம் படித்திருக்கிறாளாம்.

"அண்ணே, அவங்க எதைக் குடுத்தாலும் மொதல்ல வேணாம்னுதான் சொல்லுவாங்க. அது மரியாதை. நீங்க விடாம மூணு தடவை கேக்கணும். நாலாவது தடவை வாங்கிக்குவாங்க."

"நெசமாவே வேணாம்னா?"

"அப்பவும் வேணாம்னுதான் சொல்லுவாங்க."

"அப்புறம் எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"

கங்கா கொஞ்சம் யோசித்தாள். "அது அந்தப் பக்கத்துல போடலண்ணே."

ஆகவே முருகையா நான்காவது முறையாக, சுட்ட இறைச்சி கோத்த சாத்தே குச்சியை நீட்டினான். விருந்தாளி குச்சியைப் பார்த்தார். முருகையாவைப் பார்த்தார். பிறகு, தண்டனையை ஏற்றுக்கொள்கிறவர்போல வாங்கிக்கொண்டார்.

கங்கா கெட்டிக்காரிதான் என்று முருகையா நினைத்தான்.

எண்பத்தாறாம் வருஷம் அது. மலேசியாவில், ரவாங் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் எங்கு பார்த்தாலும் ஆள் குறைப்பு. முருகையா வேலை செய்த ரேடியோ சாமான் தொழிற்சாலையில் இரவு ஷிப்டை ஏற்கெனவே நிறுத்தியாகிவிட்டது. ஜப்பானிலிருந்து புது மெஷின்கள் வந்தால் பிழைக்கும், வராவிட்டால் பூட்டுதான் என்று எல்லோருக்கும் தெரியும். மெஷின்களை எங்கே போடலாம் என்று முடிவு செய்ய ஓர் எஞ்சினியர் வருகிறார் என்றதும் மேனேஜர் பாலகிருஷ்ணன் முருகையாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"நாளைக்குத்தான் ஃபேக்டரி பாப்பாரு. இன்னைக்கு பசார் மாலாம் ராத்திரிச் சந்தையைப் பாக்கணுமாம், தெருச் சாப்பாடு சாப்பிடணுமாம். ரவாங்ல எந்தக் கடையில எது நல்லாயிருக்கும்னு உன்னை விட்டா யாருக்குத் தெரியும்? டிரைவர் சந்தை வாசல்ல எறக்கி விட்டுடுவான். வெள்ளைச் சட்டை, கண்ணாடி, அம்பது வயசு இருக்கும். இங்கிலீஷும் வராது, மலாயும் வராது. நல்லா சாப்பிட வச்சு, சந்தை முடியறப்ப ரோட்டுக்குக் கூட்டிட்டு வா. நான் காரோட வந்துர்றேன்."

"அவர் பேரு என்னங்க?"

பாலகிருஷ்ணன் சொன்னார். டனாகாவா, நகாடாவா என்பது மாடிப்படி இறங்குவதற்குள் முருகையாவுக்குக் குழம்பிவிட்டது. திரும்பிப் போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தது.

நல்லவேளை, பெயரே தேவைப்படவில்லை. சந்தை வாசலில், ஜெனரேட்டர் இரைச்சலுக்கு நடுவே, வெள்ளைச் சட்டையும் கண்ணாடியுமாக ஒருவர் யாரையோ எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தார். முருகையா இடுப்பு வரை குனிந்து வணங்கினான். அவர் திடுக்கிட்டு, தானும் அதே அளவு குனிந்தார். முருகையா கடைகளைக் காட்டிக் கையை நீட்டினான். அவர் பணிவாகப் பின்னால் வந்தார்.

ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டே வந்தார். அதுவும் கங்கா சொன்னதுதான். "வாயைத் தொறந்து காட்டுறது அவங்களுக்கு மரியாதைக் குறைவு."

ஆனால் சாத்தேயை அவர் சாப்பிட்ட விதம்தான் முருகையாவுக்குப் புரியவில்லை. ஒரு துண்டு இறைச்சியை முன்பல்லால் கடித்து, வாய்க்குள் அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார். கண்ணில் நீர் கோத்தது.

பக்கத்தில் சீவிய ஐஸில் பாகு ஊற்றி ஐஸ் கச்சாங் விற்றுக்கொண்டிருந்த செல்லையாவிடம் முருகையா ரகசியமாகக் கேட்டான். "அண்ணே, இவர் நல்லாயிருக்குன்னு அழுறாரா, நல்லாயில்லன்னு அழுறாரா?"

செல்லையா எட்டிப் பார்த்தார். "காரம்லா. ஐஸ் குடு, அடங்கிடும்."

ஐஸ் கச்சாங்குக்கும் மூன்று மறுப்பு. நான்காவது முறை ஒரு கரண்டி வாய்க்குள் போனது. அவ்வளவுதான். விருந்தாளி நின்ற இடத்திலேயே ஒரு துள்ளு துள்ளினார். கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "ம்ம்ம்ம்" என்று நீளமாக ஒரு சத்தம் எழுப்பினார்.

"பாத்தியா, புடிச்சிருக்கு," என்றார் செல்லையா.

"புடிச்சிருந்தா இப்படியா குதிப்பாங்க?"

"அவங்க ஊர்ல ஐஸ் கச்சாங் ஏதுலா? மொத தடவை சாப்பிட்டா நானும் குதிப்பேன்."

முருகையாவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஜப்பான் குளிர் நாடு. குளிர் நாட்டுக்காரருக்கு ஐஸ் கொடுத்தது தன் தப்பு என்று பட்டது. சுடச்சுட ஏதாவது கொடுத்தால் சரியாகிவிடும். ஓடிப்போய், நுரை ததும்பும் தே தாரிக் டீ ஒரு கிளாஸ் வாங்கிவந்தான். இந்த முறை மூன்று மறுப்புக்குக் காத்திருக்காமல் கிளாஸை அவர் உதட்டிலேயே வைத்துவிட்டான்.

விருந்தாளி எழுப்பிய சத்தத்தில் கேசட் கடைக்காரன் பாட்டைக் குறைத்தான்.

அவர் கைக்குட்டையை எடுத்து வாயில் அழுத்தினார். எடுத்தபோது அதில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. சாத்தே குழம்பு என்று முருகையா தன்னைத் தேற்றிக்கொண்டான். ஆனால் குளிரும் பிடிக்கவில்லை, சூடும் பிடிக்கவில்லை. இவர் கோபித்துக்கொண்டு போய்விட்டால் மெஷின் போச்சு. மெஷின் போனால் தொழிற்சாலை போச்சு. கங்காவுக்குக் கல்யாணம் வேறு நிச்சயமாகியிருக்கிறது.

"சார், வெஜிடேரியன்?" என்று கேட்டான். புத்தர் நினைவுக்கு வந்து, கண்ணை மூடி, சம்மணம் போடுவதுபோலச் சைகையும் காட்டினான். விருந்தாளி குழம்பிப்போய் அவனைப் பார்த்துவிட்டு, மெதுவாகத் தலையாட்டினார்.

அதுதான் விஷயம்! இறைச்சியைக் கொடுத்ததுதான் கோளாறு. முருகையா அவர் கையைப் பிடித்து இராஜம்மாவின் வடைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

இராஜம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல். கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், ரவாங்குக்கு வந்து வடை சுட ஆரம்பித்தவர். அவருடைய பருப்பு வடையின் மொறுமொறுப்புக்காக ஆள்கள் வரிசையில் நிற்பார்கள்.

"அக்கா, பெரிய விருந்தாளி. ஜப்பான்காரரு. நல்ல முறுகலா நாலு போடுங்க."

இராஜம்மாவின் கரண்டி எண்ணெய்க்கு மேலே நின்றது.

"எந்த ஊருக்காரரு?"

"ஜப்பான்க்கா."

"என் கடையில ஜப்பான்காரனுக்கு வடை கெடையாது."

"அக்கா, மெதுவா..."

"எதுக்கு மெதுவா? சண்டை நேரத்துல, சயாமுக்கு ரயிலு போட ஆள் வேணும்னு எங்கப்பாவை லோரியில ஏத்திட்டுப் போனானுங்க. லோரி திரும்பி வந்துச்சு. எங்கப்பா வரல. எனக்கு ஏழு வயசு. தெனமும் ரோட்டுல போய் நிப்பேன். இவனுக்கு நான் வடை சுடணுமா?"

முருகையா கையைப் பிசைந்தான். அக்கா சொல்வது நியாயம். ஆனால் தொழிற்சாலையில் இருக்கிறவர்களும் தோட்டத்துப் பிள்ளைகள்தானே? அதைத்தான் தட்டுத் தடுமாறிச் சொன்னான். மெஷின் வராவிட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றான்.

இராஜம்மா கொஞ்ச நேரம் விருந்தாளியை முறைத்தார். பிறகு எண்ணெயில் ஊறி இறுகிப்போன இரண்டு வடையை எடுத்து, மேலே பச்சை மிளகாய்ச் சட்னியை மூன்று கரண்டி ஊற்றி நீட்டினார்.

"திங்கச் சொல்லு."

விருந்தாளி கையை ஆட்டினார்.

"திங்கச் சொல்லுங்கிறேன்!"

அந்தக் குரலுக்கு மொழி தேவைப்படவில்லை. விருந்தாளி வடையைக் கடித்தார்.

கடக்கென்று சத்தம் கேட்டது. சட்னி உள்ளே இறங்கியிருக்க வேண்டும். அவர் முகம் மடங்கியது. கன்னத்தைப் பிடித்தபடி கடைப் பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் கொட்டியது. தோள் குலுங்கியது. கூட்டத்தைப் பற்றிய வெட்கமே இல்லாமல், தலையைக் கவிழ்த்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

இராஜம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்ன தம்பி, அழுறாரு?"

முருகையாவுக்கே ஒன்றும் புரியவில்லை. "தெரியலக்கா."

"நான் அப்பாவைப் பத்திச் சொன்னது அவருக்குப் புரிஞ்சிருக்குமோ?"

"தமிழ் தெரியாதேக்கா."

"சயாம்னு சொன்னேனே. அது புரிஞ்சிருக்கும்." இராஜம்மா அடுப்பைச் சுற்றி வந்து அவர் எதிரே நின்றார். குரல் உடைந்திருந்தது. "என்னய்யா, வருத்தப்படுறியா? உங்காளுங்க செஞ்சதுக்கு வருத்தப்படுறியா?"

விருந்தாளி நீர் வழியும் கண்ணோடு அவரைப் பார்த்தார். இரண்டு கையையும் கூப்பி, வேண்டாம், போதும் என்பதுபோல மன்றாடித் தலையாட்டினார்.

இராஜம்மா அப்படியே அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "நாப்பது வருசமாச்சு. ஒருத்தன் வந்து ஒரு வார்த்தை கேக்கலையேன்னு இருந்தேன் தம்பி," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வரிசையில் நின்ற ஓர் அம்மாளும் மூக்கை உறிஞ்சினார். செல்லையா ஐஸ் கடையை விட்டுவிட்டு வந்து, தன் பெரியப்பாவும் அந்த ரயில் வேலைக்குத்தான் போனவர் என்று விருந்தாளியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். விருந்தாளி அவருக்கும் தலையாட்டினார்.

விருந்தாளியின் வயிறு குளிர வைக்கச் சொன்னார் மேனேஜர், இங்கே ஊருக்கே மனசு குளிர்ந்துவிட்டதே என்று முருகையாவுக்குப் பெருமையாக இருந்தது.

இராஜம்மா எழுந்துபோய், பஞ்சுபோல ஓர் ஆப்பம் சுட்டு, தேங்காய்ப்பாலில் ஊறவைத்துக் கொண்டுவந்தார். விருந்தாளி அதைத் தொட்டுப் பார்த்தார். மெத்தென்று இருந்தது. அன்று இரவில் முதல்முறையாக மறுக்காமல் சாப்பிட்டார். இன்னொன்றும் கேட்டு விரலைக் காட்டினார். கூட்டம் கைதட்டியது.

பிறகு ஆளுக்கொரு பொட்டலம் கொண்டுவந்து அவர் கையில் திணித்தார்கள். முறுக்கு, கச்சான் பூத்தே கடலை, கரும்புத் துண்டு, இன்னும் இரண்டு குச்சி சாத்தே. எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அவர் ரோட்டுக்கு நடந்தார். ஒரு பக்கம் முருகையா. மறுபக்கம் அவர் முழங்கையை விடாமல் பிடித்தபடி இராஜம்மா.

"ஊருக்குப் போனா எல்லாருக்கும் சொல்லுய்யா, இராஜம்மா மன்னிச்சிட்டான்னு," என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ரோட்டில் பாலகிருஷ்ணனின் காரைக் காணவில்லை. பஸ் நிற்கும் பக்கத்திலிருந்து, பூப்போட்ட சட்டை அணிந்த சீனப் பெண்மணி ஒருவர் கூடையும் கையுமாக ஓடிவந்தார். விருந்தாளியைக் கண்டதும் சீனத்தில் ஏதோ கத்தினார். விருந்தாளி பொட்டலங்களைக் கீழே போட்டுவிட்டுப் பச்சைப் பிள்ளைபோல அந்தப் பெண்மணியிடம் போய் நின்றார். பெண்மணி அவர் கையை விலக்கி, வாயைத் திறக்க வைத்து, தெருவிளக்கு வெளிச்சத்தில் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு முருகையா பக்கம் திரும்பி, தோட்டத்து மளிகைக் கடையிலேயே பிறந்து வளர்ந்தவர் பேசும் தெளிவான தமிழில் கேட்டார்:

"ஏன்ணே, சந்தையில கடை போட எடம் காட்ட ஆளு வருவாருன்னு வாசல்ல நின்னதுக்கா, காலையில ரெண்டு கடவாப் பல்லைப் புடுங்கிட்டு வாயைத் தொறக்க முடியாம வந்த எங்க வூட்டுக்காரரை இத்தனையும் திங்க வச்சீங்க?"