பொட்டு வைத்த ஃப்ரிட்ஜ்

கம்ப்யூட்டர் நாம் சொன்னதைத்தான் செய்யும் என்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தங்கையின் சீர் ஃப்ரிட்ஜைத் தூக்கி ஊராருக்குக் கொடு என்று நான் எப்போது சொன்னேன்?

எடமலைப்பட்டி புதூரில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் குடோனில் நான் சூப்பர்வைசர். (ஆபீஸில் சுழல் நாற்காலி. அதற்கேற்ற தலைக்கனம்.) தங்கை ஆசைப்பட்ட சிவப்பு நிறத்தில் ஒரே ஒரு ஃப்ரிட்ஜ்தான் மிச்சமிருந்தது. “அக்கா, சீர்ல அது இல்லேன்னா என் மானமே போயிடும்” என்றாள். உடனே பணத்தைக் கட்டி, பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து மூலையில் நிறுத்தினேன். பொட்டு வைத்த பொருளை எவன் தொடுவான்? அதனால் சாஃப்ட்வேரில் ‘இது எனக்கு’ என்று பதியவில்லை.

எங்கள் சாஃப்ட்வேர் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு பெட்டியின் நம்பரைக் காட்டும். நேரில் போய் அதைப் பார்த்து எடுத்த பிறகுதான் ‘உறுதி செய்’ என்பதை அழுத்த வேண்டும். அழுத்தினால் பெட்டி அந்த ஆர்டருக்கு ஒதுக்கப்பட்டுவிடும். கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, பூக்காரரோடு போனில் சண்டை போட்டுக்கொண்டே, உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லா ஆர்டரையும் மொத்தமாக அழுத்தினேன்.

மதியம் பார்த்தால் மூலை காலி!

“பொட்டு வெச்சது கண்ணுக்குத் தெரியலையா?” என்று லோடுமேன் சேகரிடம் கத்தினேன்.

“தெரிஞ்சுதுக்கா. ஸ்லிப்புல அந்த நம்பர்தான் இருந்துச்சு. இனிமே பூஜை போட்டுத்தான் அனுப்புவீங்கபோலன்னு நெனச்சோம்.”

ஸ்லிப்பில் இருந்த கே.கே. நகர் முகவரிக்கு ஓடினேன். அந்த வீட்டம்மா அதற்குள் ஃப்ரிட்ஜில் தயிரே வைத்துவிட்டார்.

“பொட்டோட வீடு தேடி வந்திருக்கு. மகாலட்சுமியத் திருப்பி அனுப்பச் சொல்றீங்களா? வேணும்னா அட்டைப்பெட்டிய எடுத்துக்கங்க.”

எடுத்துக்கொண்டேன். (சிரிக்காதீர்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?)

மாலையில் ஸ்ரீரங்கம் மண்டபத்துச் சீர்வரிசையில், மாலையும் கழுத்துமாகக் காலிப் பெட்டி நின்றது. எல்லாம் நன்றாகத்தான் போனது. மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு மட்டும் அதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துப் போட்டோ எடுக்க வேண்டுமாம்.

“நாலு பேர் வாங்கப்பா, கனமா இருக்கும்” என்றபடி, மூச்சை இழுத்துப் பிடித்துத் தானே முதலில் தூக்கினார். பெட்டி அவர் தலைக்கு மேலே போய்விட்டது. மண்டபமே பார்த்தது. தங்கை என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

அடுத்த வாரமே நிஜ ஃப்ரிட்ஜ் வாங்கிக் கொடுத்தேன், அதே சிவப்பில். அதை யாராவது ஞாபகம் வைத்திருக்கிறார்களா? கிடையாது. நான் எதைக் கொடுத்தாலும் சித்தப்பா முதலில் தூக்கிக் கனம் பார்க்கிறார். போன மாதம் தங்கை மகளின் காதுகுத்துக்கு ஒரு மோதிரம் போட்டேன்.

“நாலு பேர் வாங்கப்பா” என்றார்.