நோட்டில் அறுநூறு கோடுகள்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: எடைமேடைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் மனைவி, நடுவராக வரவழைக்கப்பட்ட மனைவியின் தம்பி. ஆக மூன்று பேர். போட இடமில்லாமல் கூடத்தின் நடுவே நின்ற தையல் மெஷினையும் சேர்த்தால் நான்கு.

பந்தயம் சின்ன அறைக்காக. நான்கு மாதத்தில் அறுநூறு பழைய கிரேக்கச் சொற்களை அவர் தானாகவே படித்து முடித்தால் அறை அவருக்கு. இல்லையென்றால் மெஷினுக்கு.

அவர் ஏற்பாட்டில் குறை சொல்ல முடியாது. ஒரு சீட்டுக்கு ஒரு சொல். பின்பக்கம் உச்சரிப்பும் பொருளும். தினமும் நீல டப்பாவிலிருந்து ஐந்து சீட்டு எடுப்பார். மனப்பாடம் ஆனதும் சிவப்பு டப்பாவில் போட்டு, நோட்டில் ஐந்து கோடு கிழிப்பார். நூற்றிருபது நாள். ஒரு நாள் விடவில்லை.

"எண்ணிக்கோ மச்சான். அறுநூறு கோடு!"

தம்பி நோட்டைத் தொடவில்லை. சிவப்பு டப்பாவைத் தூக்கினான்.

"என்ன மாமா, இவ்வளவு லேசா இருக்கு?"

முப்பத்திரண்டு வருடம் லாரிகளை எடை போட்டவர், அந்த டப்பாவை ஒருநாளும் தூக்கிப் பார்த்ததில்லை. கொட்டி எண்ணினார்கள். நூறே சீட்டு.

"மிச்சம் ஐந்நூறு?" என்றார் அவர்.

"மெஷின் டிராயர்ல பத்திரமா இருக்கு" என்றாள் மனைவி. "இருபதாம் நாள் பெருக்கறப்ப சிவப்பு டப்பா கவுந்துது. அஞ்சு சீட்டைத் தெரியாம நீல டப்பால மேலாப் போட்டுட்டேன். மறுநாள் அதையே எடுத்து, 'ஹிப்பொஸ்னா குதிரையாம், தெரியுமா உனக்கு?'ன்னீங்க. முந்தின வாரம் சொன்ன அதே குதிரை. சரி, பார்ப்போமேன்னு மிச்சத்தை எடுத்து வெச்சுட்டு, அந்த நூறையே திரும்பத் திரும்ப நீல டப்பால போட்டுச் சுத்தி விட்டேன். முதல் சுத்தோட சேர்த்து ஆறு சுத்து வந்துது. ஒரு தடவை கூட நீங்க அசரல."

"அநியாயம்! நீ மாத்தி வெச்சா நான் எப்படி முடிப்பேன்?"

"மாத்தினது தெரியணும்னா, அந்த வார்த்தை தெரிஞ்சிருக்கணுமேங்க."

தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டான். "சண்டை வேண்டாம். இந்த நூறையும் ரெண்டு பேர்கிட்டயும் கேக்கறேன்."

"அவகிட்ட எதுக்கு?"

"அஞ்சு தடவை சீட்டைப் புரட்டினது அக்காவும்தானே மாமா!"

அவருக்கு முப்பத்தொன்று தெரிந்தது. அவளுக்குத் தொண்ணூற்று நான்கு.

மெஷினை அறைக்குள் தள்ளியது அவரேதான். பிறகு கூடத்தில், மெஷின் நின்ற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார். இந்த முறை கோடு கிழிக்கவில்லை. அறுநூறில் முப்பத்தொன்றைக் கழித்து எழுதினார்.

மிச்சம்: ஐந்நூற்று அறுபத்தொன்பது.